சவர்க்காரக் கம்பெனிக்கு வந்த சோதனை

"அடுப்பு ஏன் எரியேல்லை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை.

சோமசுந்தரம் செட்டியார் அடுப்பைப் பார்த்தார். அதன் மேல் உட்கார்ந்திருந்த இரும்புக் கொப்பரையைப் பார்த்தார். அதைச் சுற்றிக் குந்தியிருந்த தம் ஆட்களைப் பார்த்தார். உதவிக்கு வருகிற முகமாக ஒன்றும் தென்படவில்லை.

"ராகுகாலங்க," என்றார்.

"மணி ஒன்பதரை. திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பதோட முடிஞ்சுது. நானும் சைவன்தான், எனக்கும் தெரியும்."

"அது ஜப்பான் மணிங்க. டோக்கியோவுல சூரியன் வர்றதைப் பாத்து அவுக வச்ச மணி. நம்ம ராகு பழைய மணிக்குத்தானே வருவாரு? அவருகிட்டப் போயி யாருங்க புது உத்தரவைச் சொல்றது?"

இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் குடையும் பையுமாக நின்ற கருணாகரன் ஒரு சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவர் ஆபீஸ் பியூன். மலாக்கா ஆபீஸ்களில் பியூனுக்குத் தம்பி என்று பெயர். தலை முழுக்க நரைத்த பிறகும் தம்பிதான்.

ஆனால் அது சிரிக்கிற விஷயம் அல்ல. ஜப்பான்காரன் வந்த கையோடு ஊரில் உள்ள கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கச் சொல்லியிருந்தான். செட்டியாரின் சுவர்க் கடிகாரம் மட்டும் இன்னும் ஆங்கிலேயன் மணியையே அடித்துக்கொண்டிருந்தது. பொன்னுதுரை அதையும் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வேலை நேரத்தில வேலை நடக்கேல்லை. மணிக்கூடு பிழையான நேரம் காட்டுது. ரெண்டு குறை. விசாரணை தொடங்கியாச்சு. வாற கிழமை திரும்ப வந்து பாப்பன்," என்றார். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு நிம்மதி. குறையைக் கண்டு குளிர்கிற மனுஷனை அன்றுதான் செட்டியார் முதன்முதலாகப் பார்த்தார்.

பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலேயர் காலத்திலேயே தொழிலாளர் இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். ஜப்பான்காரன் அந்த இலாகாவின் நாற்காலியை மாற்றவில்லை, சட்டத்தையும் மாற்றவில்லை, முத்திரையை மட்டும் மாற்றினான். அந்தச் சட்டப்படி இன்ஸ்பெக்டர் எந்த வேலைத்தலத்துக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் நுழையலாம். எதையும் திறந்து பார்க்கலாம். முதலாளியை வெளியே நிறுத்திவிட்டு வேலையாட்களைத் தனியாக விசாரிக்கலாம். குறை தீரவில்லை என்றால் கதவைச் சாத்தி முத்திரை வைக்கலாம்.

இந்தக் கடைசி அதிகாரம்தான் செட்டியாருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

சண்டைக்கு முன்பு அவர் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் வட்டிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. காஜா பேராங்கில் ஒரு பழைய கொட்டகையைப் பிடித்து, தேங்காயெண்ணெயும் சாம்பல் காரமும் காய்ச்சிச் சவர்க்காரம் செய்ய ஆரம்பித்தார். அதில் நுரை வராது. போட்டுக் குளித்தால் அழுக்கு போகிறதோ இல்லையோ, தோல் கொஞ்சம் போகும். ஆனால் ஊரில் வேறு சவர்க்காரம் கிடையாது என்பதால் கம்பெனி நடந்தது.

கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் தோட்டம் மூடியதால் டவுனுக்கு வந்தவர்கள். அவர்களில் கொப்பரை கிண்டுகிற சேதுபதியும், கட்டி அறுக்கிற அவன் மனைவி பூங்காவனமும் உண்டு. அவள் பிள்ளைத்தாய்ச்சி. அந்த நாளில் தெருவில் வேலையில்லாமல் நின்றவனை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் திரும்பி வந்தவன் என்று ஒருவனையும் காஜா பேராங் இன்னும் பார்க்கவில்லை. கம்பெனி அடையாளத் துணி சட்டையில் இருந்தால் லாரி நிற்காமல் போகும். கம்பெனியை மூடினால் அந்தத் துணி வெறும் துணி.

"அந்தச் சேதுபதிப் பயலை மட்டும் லாரியில ஏத்துனாகன்னா என்னால தாங்க முடியாது மெய்யம்மை," என்றார் செட்டியார் மனைவியிடம். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்ல. அதனால் மெய்யம்மை ஆச்சி கைவேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கடியாரத்தை ஜப்பானுக்கே மாத்தி வைங்க," என்றாள் ஆச்சி.

"மாத்திடலாம். ராகுவை எப்படி மாத்துறது?"

"ராகுகாலத்துல புதுசா ஒரு வேலையைத் தொடங்கத்தானே கூடாது? வெறும் தண்ணியைக் காச்சுங்க. வெந்நீர் போடுறது ஒரு வேலையா என்ன? அவுக கண்ணுக்கு அடுப்பு எரியும், ராகுவுக்கும் ஒரு கோவமும் வராது."

செட்டியார் அசந்துபோனார். இப்படி ஒரு மூளை வீட்டில் இருக்கும்போது தான் ஏன் வெளியே கவலைப்பட வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த வாரம் பொன்னுதுரை வந்தபோது அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. சேதுபதி வேர்க்க விறுவிறுக்க வெந்நீரைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் கிண்டச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் கை தானாகக் கிண்ட ஆரம்பித்துவிட்டது.

பொன்னுதுரை எட்டிப் பார்த்தார். "உதென்ன?"

"தண்ணிங்க," என்றான் சேதுபதி.

"சவர்க்காரம் எங்கை?"

"வந்துக்கிட்டு இருக்குங்க," என்று செட்டியார் குறுக்கே விழுந்தார். அந்த வேகத்தில் சேதுபதியின் துடுப்பில் இடித்தார். துடுப்பு கொப்பரையில் இடித்தது. ஒரு வாய் வெந்நீர் எழும்பி இன்ஸ்பெக்டரின் சப்பாத்தில் விழுந்தது.

பொன்னுதுரை ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நின்றார். கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவரோ மலர்ந்த முகத்துடன், "கொதிக்கிற கொப்பரையைச் சுத்தி வேலி இல்லை. பாரதூரமான குறை. வாற கிழமை வாறன்," என்றார்.

வேலிக்கு என்ன செய்வது? மரம் கிடைக்காத காலம். செட்டியாருக்குப் பழைய வட்டிக்கடை நினைவு வந்தது. அங்கே அடுத்தவர் கை பெட்டிக்குள் நீளாமல் இருக்க, நெஞ்சுயரத்தில் மரக் கிராதி ஒன்று போட்டிருந்தார். உச்சியில் வரிசையாக ஈட்டி முனைகள். அதைப் பெயர்த்து வந்து, தாமே சுத்தியலும் ஆணியுமாக நின்று கொப்பரையைச் சுற்றி நாலு பக்கமும் அடித்தார். கடைசி ஆணியை அடித்துவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து சேதுபதி கேட்டான்.

"மொதலாளி, நான் எப்படி வெளிய வர்றது?"

கதவு வைக்க மறந்துபோயிற்று. சேதுபதி உள்ளே கிண்டிக்கொண்டே இருந்ததால் அவனுக்கும் தோன்றவில்லை. செட்டியார் அவசரமாக ஆணியைப் பிடுங்கப் பார்த்தார். அவர் அடித்த ஆணி, ஒன்றும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கருணாகரனின் குடை தெரிந்தது.

பொன்னுதுரை வேலியைப் பார்த்தார். வேலிக்குள் கொப்பரையோடு நிற்கிற மனிதனைப் பார்த்தார்.

"ஆளை அடைச்சு வச்சு வேலை வாங்குறியளோ?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க! அவனாத்தான் உள்ள இருக்கான்!"

"நீங்கள் வெளியில நில்லுங்கோ. நான் இவரைத் தனிய விசாரிக்க வேணும்."

செட்டியார் வெளியே போனார். சேதுபதி வெளியே வர முடியாததால் விசாரணை வேலிக்கு மேலே நடந்தது. இன்ஸ்பெக்டர் என்ன கேட்டாலும் கம்பெனியைப் புகழ வேண்டும் என்று ஆச்சி அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவனும் குறை வைக்கவில்லை.

"மொதலாளி தங்கமான மனுஷங்க. சோறு போடுறாங்க. மத்தியானம் தூங்கக்கூட விடுறாங்க."

"எங்கை தூங்குறது?"

சேதுபதி சுற்றிலும் பார்த்தான். "இங்கதான்... அங்க... எண்ணெய்ப் பீப்பா மேல."

பொன்னுதுரை தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, சம்பந்தமே இல்லாமல், "பெண்சாதிக்கு எப்ப?" என்று கேட்டார்.

"கார்த்திகைங்க."

"கார்த்திகை," என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். விரல் மடக்கி ஏதோ யோசித்தார். பிறகு வெளியே வந்து செட்டியாரிடம், "வேலிக்குக் கதவில்லை. ஆட்கள் இளைப்பாற இடமில்லை. விசாரணை தொடரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கார்த்திகை வரைக்கும் கணக்குப் பாக்குறாகளாம்!" என்று, சேதுபதி சொன்னதைக் கேட்டுச் செட்டியார் கொதித்தார். "புள்ளை பொறக்கிறதுக்குள்ள கம்பெனியை மூடிடணும்னு கங்கணம் கட்டியிருக்காக போல."

வேலிக்குக் கதவு வந்தது. இளைப்பாற இடமும் வந்தது. அதற்கு ஆச்சி தன் கல்யாணத்துக்கு வந்த கோரைப்பாய்களையும் இலவம்பஞ்சுத் தலையணைகளையும் எடுத்துக் கொடுத்தாள். வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்து, உமியும் வசம்பும் மணக்கிற தலையணைகள். தோட்டத்து லயத்தில் வெறும் பலகையில் படுத்துப் பழகியவர்களுக்கு அதில் தலை வைத்ததும் உலகம் மறந்துவிட்டது. மறுவாரம் பொன்னுதுரை வந்தபோது கம்பெனி முழுவதும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தலையணை சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்த்த செட்டியார்தான் எல்லாரிலும் பலமாக விட்டார்.

அடுப்பு மட்டும் விழித்திருந்தது.

"நெருப்பைப் பாக்க ஆளில்லை. அணைக்க மணல் வாளியும் இல்லை," என்றார் பொன்னுதுரை. அவர் முகம் அன்று பௌர்ணமி மாதிரி இருந்தது. "அருமையான குறை, செட்டியார்."

ஆச்சி உபசாரத்தில் இறங்கினாள். அரிசி இல்லாத நாளில் மரவள்ளிக்கிழங்கு மாவில் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பொன்னுதுரை தொடவில்லை. செட்டியார் நாலு கட்டி சவர்க்காரத்தைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். அதையும் வாங்கவில்லை. அந்தச் சவர்க்காரத்தை வாங்காததற்கு நேர்மை ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பணியாரத்தைத் தம்பி கருணாகரன் சாப்பிட்டார். வாரா வாரம் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

"கையும் நீட்ட மாட்டாக, குறை சொல்றதையும் நிறுத்த மாட்டாக," என்றார் செட்டியார், அவர்கள் போன பிறகு. "இந்த மனுஷனை என்னதான் செய்யிறது?"

ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகினாள். அப்படிச் செருகினால் வீட்டில் பூனைகூட ஒதுங்கிப் போகும்.

"அவுக சொல்லச் சொல்ல ஒண்ணொண்ணாச் செஞ்சுக்கிட்டு இருந்தோம், அதான் தப்பு. இனி அவுக சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் பண்ணிடுவோம். 'எல்லாம் சரி'ன்னு எழுதாம எப்படிப் போறாகன்னு நானும் பாத்துர்றேன்."

அந்த வாரம் காஜா பேராங்கில் அந்தக் கொட்டகை ஒரு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாக்கடைக்கு மூடி போட்டார்கள். மணல் வாளிக்கு ஆச்சி தன் சீர்வரிசைப் பீங்கான் வாளிகளையே கொடுத்துவிட்டாள். ரோஜாப்பூப் போட்ட வாளிகள் வரிசையாகத் தொங்கின. வேலிக்கதவில் புதுக் கீல், புதுத் தாழ்ப்பாள். குடிதண்ணீர்ப் பானைக்கு வெள்ளைத் துணி. அடுப்பைப் பார்க்க ஒருவன், அவனைப் பார்க்க ஒருவன். ராகுகாலத் தொல்லை தீர, முதல் நாளே பற்றவைத்த அடுப்பை அணைய விடாமல் காத்தார்கள். பூங்காவனத்துக்கு முதுகு சாய நாற்காலி வந்தது. அவள் அதில் உட்கார்ந்து கட்டி அறுத்தபடி, "இந்தத் தடவை தப்பிச்சிடுவோம் ஆச்சி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்துச் செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

பொன்னுதுரை வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே வந்து சுற்றினார். கடிகாரம் டோக்கியோ மணி காட்டியது. கொப்பரையில் அசல் சவர்க்காரம் கொதித்தது. வேலியை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். மணல் இருந்தது, அதுவும் சலித்த மணல்.

"சாக்கடை?" என்றார் நம்பிக்கையோடு.

"மூடி போட்டாச்சுங்க."

"கக்கூசு?"

"கழுவியாச்சுங்க."

"ஆக்களுக்கு ஏதும் முறைப்பாடு? ஏதாவது... ஒரு சின்ன மனக்குறை?"

"ஒண்ணும் இல்லைங்க!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பொன்னுதுரையின் முகம் வெளிறியது. அவர் இன்னொரு சுற்று வந்தார். குனிந்து பார்த்தார், எகிறிப் பார்த்தார். செட்டியார் பின்னாலேயே போனார்.

"எழுதிடுங்க ஐயா. எல்லாம் சரின்னு."

"பேனாவில மை இல்லை."

ஆச்சி மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கண்ணாடியை விட்டுட்டு வந்திட்டன். எழுத்துத் தெரியாது."

செட்டியார் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

பொன்னுதுரை அதைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை விரித்து வைத்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா காகிதத்தைத் தொடவில்லை. பிறகு திடீரென்று எழுந்தார்.

"எல்லாரும் ஒருக்கா வெளியில போங்கோ. தனியப் பாக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

எல்லாரும் வெளியே போனார்கள். செட்டியாருக்கு மனம் பொறுக்கவில்லை. பலகை இடுக்கில் கண்ணை வைத்தார். உள்ளே, ஜப்பான் அரசாங்கத்துத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேலிக்கதவின் கீலிலிருந்து ஆணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை ஓடியது. ஆணி வந்தது. அதைக் கால்சட்டைப் பைக்குள் போட்டார். கதவு கோணிக்கொண்டு தொங்கியது.

"ஆகா!" என்று கத்திக்கொண்டே செட்டியார் உள்ளே பாய்ந்தார். "கையும் களவுமாப் பிடிச்சாச்சு! குறை கிடைக்கலைன்னு நீங்களே உண்டு பண்றீகளா?"

எல்லாரும் ஓடிவந்தார்கள். பொன்னுதுரை பையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்தாள்.

"ஐயா, உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்? எம் புருஷனை அந்த லாரியில ஏத்தித்தான் ஆகணுமா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை, நான்..." என்று ஆரம்பித்தார். தெருவில் யாரோ சைக்கிளில் போகிற சத்தம் கேட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"இவருகிட்ட என்ன பேச்சு?" செட்டியார் தோளில் துண்டை உதறிப் போட்டார். "நேரா ஆபீசுக்குப் போறேன். ஜப்பான் பெரியவரையே கையோட கூட்டிட்டு வர்றேன். அவரே வந்து கண்ணால பாத்து, எல்லாம் சரின்னு அவரு கையாலேயே எழுதிக் குடுக்கட்டும்."

"செட்டியார், வேண்டாம்! ஐயோ, வேண்டாம்!" என்று பொன்னுதுரை அலறினார்.

அந்த அலறல் செட்டியாருக்குத் தேனாக இருந்தது. விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். அங்கே, கையில் பாதிப் பணியாரத்தோடு, கருணாகரன் குறுக்கே நின்றார். இத்தனை வாரத்தில் அந்த மனிதர் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான். இப்போது தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, மெதுவாகச் சொன்னார்:

"செட்டியாரே, இங்க வர்றதுக்கு முந்தி குருபோங் செங்கல் சூளைக்கு ஐயா 'எல்லாம் சரி'ன்னு எழுதிக் குடுத்தாரு, மறுநாளே லாரி வந்து அங்க இருந்த அத்தனை பேரையும் சயாமுக்கு ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு, விசாரணை முடியாத எடத்துல மட்டும்தான் அவனுங்க ஆள் எடுக்கிறதில்ல, அதனால சண்டை முடியற வரைக்கும் வாரா வாரம் நீங்களே எதையாவது ஒடைச்சு வைங்க, பாவம், ஐயாவுக்கு வயசாகுது."